செய்தி நடந்து வந்த காலம்

எங்கள் காலத்தில் பள்ளிக்கூடத்துச் செய்தி வீட்டுக்கு நடந்துதான் வரும். அதுவும் நேரே வராது. தண்டவாளத்தைத் தாண்டி, பெட்டிக்கடையில் நின்று, தேன் மிட்டாயின் பாகு முழங்கை வரை வழிய, எதிரே வருபவர்களையெல்லாம் குசலம் விசாரித்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வாசற்படி ஏறும். ஏனென்றால் அதைச் சுமந்து வருகிற தபால்காரர்கள் நாங்களேதான். கணக்கில் பதினெட்டு மார்க் வாங்கியவனிடமே அந்தப் பதினெட்டை வீட்டில் சேர்ப்பிக்கும் பொறுப்பையும் கொடுத்தனுப்பிய பெருந்தன்மையான நிர்வாகம் அது. இன்றைக்கு எங்கள் எதிர்வீட்டுப் பையன் ஐந்து நிமிடம் தாமதமாக வகுப்பில் நுழைந்தால், அவன் பையைக் கழற்றி பெஞ்சில் வைப்பதற்குள் அவன் அம்மாவின் கைபேசி சிணுங்கிவிடுகிறது. அந்த அம்மாள் வாசலில் நின்று அதை வாய்விட்டுப் படிப்பதால், எங்கள் தெருவுக்கும் தெரிந்துவிடுகிறது.

எண்பதுகளின் நடுவில், பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையில் எங்கோ இருந்த ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி எங்களுடையது. சென்னை என்று சொல்லிக்கொண்டால் மயிலாப்பூர்க்காரர்கள் சிரிப்பார்கள். கிராமம் என்று யாராவது சொன்னால் எங்களுக்கு ரோஷம் வரும். இரண்டுக்கும் நடுவே, ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் மீட்டர் கேஜ் ரயில் பாதை, தலைக்கு மேலே மீனம்பாக்கத்து விமானங்கள், காற்று திரும்பினால் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் வாடை என்று எங்களுக்கென்று ஓர் உலகம் இருந்தது. மரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டுதான் மணி. விமானம் போகும்போது கணக்கு வாத்தியார் சாக்பீஸைப் பிடித்த கையை அப்படியே அந்தரத்தில் நிறுத்திவிடுவார். சத்தம் அடங்கியதும் விட்ட இடத்தை விட்டுவிட்டு அடுத்த இடத்திலிருந்து தொடங்குவார். அந்த வகையில் பல சமன்பாடுகளின் இடப்பக்கம் மட்டும்தான் இன்றுவரை எனக்குத் தெரியும். வலப்பக்கங்களெல்லாம் பம்பாய்க்கும் டில்லிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன.

காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று வருஷத்துக்கு மூன்று தேர்வுகள். நடுவே மாதத் தேர்வு என்று ஒன்று உண்டு. அதன் விடைத்தாள்கள் எந்த மாதத்தில் திரும்பி வரும் என்பது திருத்துகிறவரின் குடும்பச் சூழலைப் பொறுத்தது. இவற்றின் கூட்டுத்தொகைதான் ரேங்க் கார்டு. சிவப்பு மையில் அடிக்கோடிட்ட எண்களோடு அது கைக்கு வரும் நாளுக்கும், அப்பாவின் கையெழுத்தோடு அது திரும்பிப் போகவேண்டிய நாளுக்கும் நடுவே ஒரு வாரம் இருந்தது பாருங்கள், அந்த ஒரு வாரத்தில் நாங்கள் கற்ற ராஜதந்திரத்தை எந்தப் பாடத்திட்டமும் கற்றுத்தரவில்லை. அப்பா சம்பளம் வாங்கிய மாலையா, அத்தை ஊரிலிருந்து வந்திருக்கும் காலையா, அவசரமாக ரயிலைப் பிடிக்க ஓடும் ஏழு நாற்பதா என்று நேரம் பார்த்து நீட்டவேண்டும். நேரமே கூடிவராதவர்களுக்குக் கடைசி பெஞ்சில் ஒருவன் இருந்தான். ஒரு தடவை பார்த்தால் போதும், எந்த அப்பாவின் கையெழுத்தையும் போட்டுத் தருவான். கூலி இரண்டு கமர்கட். எங்கள் தமிழ் ஐயா ஒருநாள் ஒரு கார்டைக் கண்ணாடிக்கு அருகே வைத்துப் பார்த்துவிட்டு, "ஏன்டா, மாசத்துக்கு மாசம் உங்கப்பா கையெழுத்து அழகாயிட்டே போகுதே, மாத்திரை ஏதாவது சாப்பிடுறாரா?" என்று கேட்டார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது எங்களுக்கும் தெரியும். விஷயம் அத்தோடு முடிந்தது.

லீவ் லெட்டரும் அப்படித்தான். வருஷம் முழுக்க இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொந்தமாக எழுத வராத எங்களுக்கு, 'ஆஸ் ஐ யாம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கும் அந்த ஒரு கடிதம் மட்டும் பிழையில்லாமல் வரும். கல்யாணத்துக்குப் போனாலும் காய்ச்சல், கிரிக்கெட் பார்த்தாலும் காய்ச்சல். தாத்தா செத்துப்போனதற்குக்கூட ஒருவன் காய்ச்சல் என்றுதான் எழுதினான், சாவுக்கு இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று தெரியாததால். இப்போது பெற்றோரும் ஆசிரியரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரைப் படமெடுத்துப் போட்டுவிடுகிறார்கள். உண்மை ஜெயித்துவிட்டது, சரிதான். ஆனால் ஒரு முழுத் தலைமுறையின் இங்கிலீஷ் கட்டுரைத் திறன் அதில் அடிபட்டுப்போனதைப் பற்றி யாரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

செய்தி மெதுவாக நடந்தது எங்கள் விஷயத்தில் மட்டுமல்ல, பாடங்களிலும்தான். சரித்திர வகுப்பில் பழைய கற்காலம் என்றால் எங்கோ பிரான்சிலும் ஸ்பெயினிலும் குகைக்குள் நடந்த சமாச்சாரம் என்று கேட்டுக்கொண்டு, ஜன்னல் வழியாகப் பல்லாவரத்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் அதே பல்லாவரத்தில்தான் பழைய கற்காலக் கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார், இந்தியத் தொல்வரலாற்று ஆய்வே அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்கியது என்பதெல்லாம், நான் தலை நரைத்த பிறகு ஒரு பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டது. ஜன்னலுக்கு வெளியே கிடந்த சேதி பெஞ்சுக்கு வந்துசேர நூற்றைம்பது வருஷம் பிடித்திருக்கிறது. அந்த மலையடிவாரத்துப் புளியமரத்தில் நாங்கள் விட்டெறிந்த கற்களில் எத்தனை எங்கள் மூதாதையரின் கோடரிகளோ! அவர்களும் அதைப் புளியங்காய்க்குத்தான் வீசியிருப்பார்கள் என்று நினைத்துச் சமாதானமாகிறேன். இன்றைய பாடப்புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் க்யூஆர் கோடு இருக்கிறது. தட்டினால் பிரான்சும் வரும், பல்லாவரமும் வரும். மலையைத் திரும்பிப் பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை. திரும்பினாலும் நடுவே அடுக்குமாடிகள் நிற்கின்றன.

எங்களுக்கு வாய்த்த பெரிய சுகம் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால், ப்ளஸ் ஒன் என்ற அந்த ஒரு வருஷத்தைத்தான் சொல்லுவேன். 1978-ல் தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகள் வந்தபோது, பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தவர்கள், நடுவிலிருந்த பதினொன்றை மறந்துவிட்டார்கள் அல்லது இரக்கப்பட்டு விட்டுவிட்டார்கள். பத்தில் தேறி முடித்த களைப்பும், பன்னிரண்டு இன்னும் வரவில்லை என்ற தெம்பும் சேர்ந்த அந்த வருஷத்தில்தான் எனக்கு மீசை அரும்பியது. நூலகத்தில் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத புத்தகமெல்லாம் படித்தது. ஆய்வுக்கூடத்தில் உப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னால் கிப்ஸ் கருவியிலிருந்து கிளம்பும் அழுகிய முட்டை நாற்றத்தை அடுத்த வகுப்புப் பெண்கள் பக்கம் திருப்பிவிடுவது எப்படி என்று ஆராய்ந்தது. கவிதை என்று நானே நம்பிய சிலவற்றை எழுதி, அவற்றுக்கு நானே முன்னுரையும் எழுதி வைத்தது. பிற்காலத்தில் தனியார் பள்ளிகள் அந்த வருஷத்திலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்தத் தொடங்கின. அதைத் தடுக்க 2018-ல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கை, அது வேண்டாம் என்றது. ஆக, அரசாங்கம் அந்த வருஷத்தைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறது. ஆனால் நீட்டும் ஜேஇஇயும் அதற்குள் அங்கே துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டன. மொத்த மார்க் 1200 என்று இருந்ததை 600 ஆக்கியது போலத்தான் இதுவும்: எண் பாதியானது, பை அதே கனம்தான்.

எங்கள் நாளிலிருந்து இன்றுவரை பள்ளிக்கு வராதது எதுவுமில்லை. சத்துணவு 1984-ல் பத்தாம் வகுப்பு வரைக்கும் நீண்டபோது எங்கள் வகுப்பில் பாதிப் பேர் தட்டோடு வரிசையில் நின்றார்கள். மீதிப் பேர் வீட்டிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தைக் கொடுத்து அந்தச் சுடுசாம்பார்ச் சோற்றை மாற்றிக்கொண்டார்கள். முட்டை 1989-ல்தான் வந்தது, நாங்கள் வெளியேறிய பிறகு. சைக்கிள் வந்தது, நான் எட்டாம் நம்பர் செருப்பைத் தேய்த்து முடித்த பிறகு. 2011-ல் மடிக்கணினியே வந்தது. 2022-லிருந்து சின்னப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டிகூடக் கிடைக்கிறது. வெறும் வயிற்றோடு பிரார்த்தனையில் நின்று மயங்கி விழுந்தவர்களைப் பார்த்த எவனும் அதைக் கேலி பேசமாட்டான். எனக்குப் பொறாமைதான், ரவா கிச்சடி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மறுபடி ஒன்றாம் வகுப்பில் சேர வயது வரம்பு உண்டா என்று விசாரிக்கத் தோன்றியது.

ஆனால் தேர்வு முடிவு வந்த அந்த நாளின் மகிமையை எந்தத் திட்டத்தாலும் ஈடுகட்ட முடியாது. ரிசல்ட் பேப்பரில் வரும், அதுவும் நம்பர்களாக மட்டும் வரும். பேப்பர் கட்டு ரயிலில் வந்து இறங்கும் என்பதால் மத்தியானத்திலிருந்தே ஸ்டேஷனில் தவம். வந்ததும் ஒரு பேப்பரை இருபது பேர் பிடித்து இழுக்க, கடுகு கடுகாய் அச்சான எண்களின் மேல் விரல்கள் ஊரும். நம்பர் இருந்தால் பாஸ். எவ்வளவு மார்க் என்று தெரியாது. அது தெரிய இன்னும் சில நாளாகும். அந்தச் சில நாளும் நாங்கள் அத்தனை பேரும் சமம். நானூற்றைம்பது வாங்கியவனும் நூலிழையில் தப்பித்தவனும் ஒரே டீக்கடையில் ஒரே கம்பீரத்தோடு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தோம். நான் மாநிலத்தில் முதலாவதாக வந்திருக்கக்கூடும் என்று இரண்டு ராத்திரி மனதாரக் கருதினேன். பேட்டியில் யாருக்கு நன்றி சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். நம்பர் இல்லாதவன், பேப்பரைப் பார்த்தவர்கள் தன்னைப் பார்க்குமுன் ரயில் பாதையோரமாக நடக்கத் தொடங்குவான். ஸ்டேஷனிலிருந்து வீடு அரை மணி நேரம். அந்த அரை மணியில் அழுது, முகம் கழுவி, என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்து, அக்டோபரில் எழுதிவிடலாம் என்று தானே தனக்குத் தைரியம் சொல்லி, ஒருவிதமாக மனுஷனாகி வீடு போய்ச் சேருவான். 1931-லிருந்து ஓடிய அந்த மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004-ல் நின்றுபோனது. அகலப் பாதையில் ரயில் இன்னும் வேகமாக வருகிறது, பேப்பர் கட்டுக்காக அங்கே காத்திருக்கத்தான் ஆளில்லை. மார்க், பாடவாரியாக, பிள்ளையின் கைக்கு வருகிற அதே நொடியில் மாமாக்களின் கைக்கும் வந்துவிடுகிறது. 2017-ல் மாநில ரேங்க் அறிவிப்பையே நிறுத்தினார்கள், நல்ல காரியம். குடும்ப ரேங்கை நிறுத்த யாருக்கும் அதிகாரமில்லை போலிருக்கிறது.

இப்படியே சொல்லிக்கொண்டு போனால் அந்தக் காலம் பொற்காலம் என்று ஆகிவிடும், அதுவும் பொய். ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். நன்றாகப் படம் வரைவான். என் அறிவியல் ரெகார்டு நோட்டில் இருக்கும் தவளை அவன் போட்டதுதான். காலாண்டு லீவு முடிந்து அவன் வரவில்லை. வாத்தியார் வருகைப் பதிவேட்டில் அவன் எண்ணைக் கூப்பிடுவார், நாங்கள் கோரஸாக "ஆப்சென்ட் சார்" என்போம். சில வாரம் கூப்பிட்டார். பிறகு சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்தது, அடுத்த எண்ணுக்குத் தாவினார், நான் பெஞ்சில் கொஞ்சம் தாராளமாக உட்கார்ந்துகொண்டேன். அவன் தோல் கிடங்கில் வேலைக்குப் போய்விட்டான் என்ற செய்தியும் நடந்துதான் வந்தது. வந்து சேர்ந்தபோது ப்ளஸ் டூ முடிந்திருந்தது. எங்கள் கார்டுகளுக்கு ஒரு வாரம் தவணை கொடுத்த அதே மெத்தனம்தான் அவனைத் தேடாமலும் விட்டது. இன்றைக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் என்ற கல்வித்துறைச் செயலியில் ஓர் எண் இருக்கிறது. ஒருவன் தொடர்ந்து வராவிட்டால் எங்கோ ஒரு திரையில் அவன் பெயர் தெரிகிறது, ஆசிரியர்கள் தெருத்தெருவாகத் தேடிப் போய்க் கதவைத் தட்டுகிறார்கள். அவர்கள் அந்தச் செயலியைத் திட்டிக்கொண்டே தட்டுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தட்டுகிறார்களே, அது போதும்.

ஆகவே நான் பழைய காலத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. அரசுக்கு ஒரு மனு மட்டும் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளை பள்ளிக்கு வரவில்லை என்ற சேதி மின்னலாய்ப் போகட்டும், அதில் ஒரு நொடிகூடத் தாமதம் கூடாது. மார்க் சேதி மட்டும், ஸ்டேஷனில் இறங்கி, வழக்கமான பெட்டிக்கடையில் ஒரு தேன் மிட்டாய் வாங்கித் தின்றுவிட்டு, பிள்ளை வீட்டுக்குள் நுழைந்து அரை மணி கழித்து வந்து சேரும்படி ஓர் அரசாணை போட்டால் நன்றாக இருக்கும். மனுவில் எதிர்வீட்டுப் பையன் கையெழுத்துப் போடத் தயார். அவன் அம்மா கையெழுத்தும் வேண்டும் என்கிறார்கள். அதையும் தானே போட்டுத் தருவதாகச் சொல்கிறான்.