மருமவனே, மேக்கே கண்ணாடி போடு

ஏலே மருமவனே, தூத்துக்குடி பைபாஸ்ல அஞ்சு மாடி ஆபீஸ் கட்டடம் எழுப்பப் போறியாமே. வாசல்ல கரண்டு சிக்கனத்துக்குக் குடுக்குற அஞ்சு நட்சத்திரப் பலகையும் மாட்டணுமாம். நல்லது. கூட இருந்து கெடுக்க ஒரு தாய்மாமன் வேண்டாமா?

மொதல்ல மேக்குச் செவரு பூரா கண்ணாடி போடு. எரிசக்தி சிக்கனக் கட்டட விதி 2017-ல, செவத்துப் பரப்புல நூத்துக்கு 40-க்கு மேல சன்னல் கூடாதுன்னு இருக்கு. எழுதுனவியளுக்கு நம்மூர் பவுசு தெரியுமா? சித்திரை வெயிலு உள்ள வந்து உன் ஆளுவகூட உக்காந்து டீ குடிக்கட்டும். அதை வெரட்ட ஏசியை 18-ல வையி. ஸ்டார் ஒட்டுன ஏசியெல்லாம் போட்டதும் 24-ல நிக்கிற மாதிரிதான் வரணும்னு 2020-லயே டில்லியில சொல்லிட்டாவ. ஆனா ரிமோட்டு உன் கையிலதானே இருக்கு? கணக்குப்பிள்ளைக்கு ஒரு கம்பளி வாங்கிக் குடு. மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு, சன்னலுக்கு மேல நீட்டமா சன்ஷேடு, இதெல்லாம் செலவு கம்மிடே. செலவு கம்மின்னா ஊருக்குள்ள மதிப்பு ஏது?

விதியே ஆவாதுன்னா அதுக்கும் வழி இருக்கு. மத்தியச் சட்டத்துல 100 கிலோவாட் லோடு, இல்ல 120 கேவிஏ டிமாண்டு தொட்டாத்தான் மாட்டுவ. 99-ன்னு எழுதிக் குடுத்துட்டு, மிச்சத்துக்கு அத்தை பேர்ல இன்னொரு சர்வீஸ் வாங்கு. லிப்டு தன் பேர்ல ஓடுதுன்னா அவளுக்கும் பெருமைதான். என்ன, 2022 திருத்தத்துல அந்த அளவை மாநிலமே இன்னும் கீழ எறக்கிக்கலாம்னு வச்சிட்டாவ. அத்தை போதாது, சித்தியையும் கூட்டிக்கோ.

பலகைக்கு வருவோம். பிளானைப் பாத்து அதைக் குடுக்க மாட்டாவ. ஒரு வருசத்துக் கரண்டைச் சதுர மீட்டரால வகுப்பாவ. 2009-ல ஆரம்பிச்ச கணக்குப்படி, நம்மளை மாதிரி புழுக்கமான ஊர்ல பாதிக்கு மேல ஏசி போட்ட ஆபீசுன்னா, 200 யூனிட்டுக்குள்ள வந்தா ஒரு நட்சத்திரம். அஞ்சு வேணும்னா 100-க்குக் கீழ நிக்கணும். கார் நிறுத்துற கீழ்த்தளத்தைப் பரப்புல சேக்க முடியாது. உன் மூளை அங்கதான் போவும்னு எனக்குத் தெரியும். ஜெனரேட்டர் கரண்டும் கணக்குல ஏறும். மாடியில சோலார் போட்டா அந்தக் கரண்டு மட்டும் ஏறாது. நீதான் மாடியைச் செல்போன் டவருக்குப் பேசி முடிச்சிட்டியே!

கடைசியா ஒரே வழிதான் இருக்கு. வாடகைக்கு ஆளே வைக்காத. பூட்டுன கட்டடம் எத்தனை யூனிட்டுடே திங்கும்? பேங்குக்காரன் தவணை கேட்டு வந்தா, பலகையைக் காட்டு.