காதுகுத்தும் கிராபிக்ஸ் கார்டும்

வீட்டுக் கணினியில் காதுகுத்து வீடியோவை எடிட் செய்பவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு: ரெண்டர் முடிந்தால் எல்லாம் முடிந்தது. இரவு முழுக்க சிபியூ ஃபேன் அலறி, ஒருவழியாக நூறு சதவீதம் காட்டும். காலையில் ஓட்டினால், தாய்மாமன் மடியில் குழந்தை விட்டுவிட்டு அழுகிறது. ஆசாரியின் கை காதருகே போய் அப்படியே நிற்கிறது. அலறல் மட்டும் முன்னால் ஓடுகிறது.

உடனே கிராபிக்ஸ் கார்டு வாங்கக் கிளம்பிவிடுவார்கள். (கடைக்காரர் தடுக்கவா போகிறார்?) அதற்குமுன் அதே ஃபைலைப் புதிய போன் ஒன்றில் ஓட்டிப் பார்க்கலாம். அங்கே ஒழுங்காக ஓடினால் ஃபைலில் குற்றமில்லை, 4கே, எச்.265 என்று பெருமையாக டிக் அடித்ததைப் பழைய பிராசசரால் விரித்துக் காட்ட முடியவில்லை, அவ்வளவுதான். 1080, எச்.264 என்று இறங்கி வந்தால் போதும்.

போனிலும் திக்கினால், ஃபிரேம் ரேட்டைப் பாருங்கள். 30-இல் எடுத்ததை 25-இல் ரெண்டர் செய்தால் நொடிக்கு ஐந்து ஃபிரேம் காணாமல் போகும். போதாததற்கு, பல போன்கள் சீரான ரேட்டில் பதிவு செய்வதே இல்லை. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் அந்தப் பதிவை நிலையான ரேட்டுக்கு மாற்றிக்கொண்டு எடிட்டில் உட்காருங்கள். கார்டுக்கு வைத்த பணம் அடுத்த மொய்க்கு ஆகும்.