கரகரப்பு தேடும் கனவான்

கிட்டார் வாசிப்பவரை அவருடைய இடதுகை விரல்நுனியைப் பார்த்தே சொல்லிவிடலாம். கம்பியை அழுத்தி அழுத்தி அங்கே தோல் காய்த்துப் போயிருக்கும். நம்மவருக்குக் காய்ப்பு கொஞ்சம் குறைவு. வலதுகை ஆள்காட்டி விரலில் மட்டும் ஒரு சின்னச் சூட்டுத் தழும்பு இருக்கும். சால்டரிங் அயர்ன் உபயம்.

வார நாட்களில் பழைய மகாபலிபுரம் சாலையில் கணினி வேலை. சனி, ஞாயிறு இசைக்குழு. மற்ற மூவரும் பாட்டைப் பழகிக்கொண்டிருக்க, இவர் கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டு அதன் திருகுகளை வெறித்துப் பார்ப்பார். “டோன் ரொம்பச் சுத்தமா இருக்குடா மச்சான்” என்பார், வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாததைச் சொல்லும் குரலில். அவருடைய அகராதியில் சுத்தம் என்பது வசவு. அழுக்கு, மண், துரு எல்லாம் பாராட்டு. அவருக்கு வேண்டியது கரகரப்பு. அது பிக்கப்பை மாற்றினால் வந்துவிடும் என்பது அவரது அசையாத நம்பிக்கை.

பிக்கப்பில் மாயமொன்றும் இல்லை. கம்பிகளுக்குக் கீழே ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியளவு மெல்லிய செப்புக்கம்பி சில ஆயிரம் சுற்று. மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் கலைந்து சுருளில் கடுகளவு மின்சாரம் பிறக்கும். ஆம்ப் அதைப் பெரிதாக்கும். பள்ளியில் ஃபாரடே பெயரைச் சொல்லிப் படித்தது இதைத்தான். ஒற்றைச் சுருள் என்றால் ஒலி பளிச்சென்று இருக்கும். ட்யூப்லைட், ஃபேன் ரெகுலேட்டர் உறுமலும் கூடவே வரும். இரண்டு சுருள்களை ஒன்றுக்கொன்று எதிராக இணைத்து அந்த உறுமலை அடக்கியதுதான் ஹம்பக்கர்.

இந்த ஹம்பக்கரின் பூர்வீகத்தை நம்மவரிடம் தெரியாமல் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் டீ ஆறிவிடும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ என்ற ஊர். அங்கே கிப்சன் ஆலையில் சேத் லவர் என்ற பொறியாளர். 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பம். 1957இல் கிட்டாரில் ஏறியது. அடியில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளோம்’ என்று ஒரு குட்டிச் சீட்டு ஒட்டியிருப்பார்கள். 1959இல் காப்புரிமை கிடைத்த பிறகும் சில வருடம் அதே சீட்டுதான். அப்புறம் எண் போட்ட சீட்டு வந்தது. அந்த எண்ணைத் தேடிப் போனால் அது பிக்கப்புக்கு உரியதே இல்லை. கிட்டார் கலைஞர் லெஸ் பால், கம்பிகளைக் கட்டும் டெயில்பீஸுக்காக வாங்கிய காப்புரிமை! போட்டிக்காரன் அலையட்டும் என்று செய்தார்களோ, யார் கவனிக்கப் போகிறார்கள் என்று விட்டார்களோ.

அந்தக் காலத்துச் சுற்று எந்திரம் எண்ணிக்கை முடிந்ததும் தானாக நிற்கும் ரகமும் அல்ல. வேலை செய்பவர் நிறுத்தும்போது நிற்கும். காந்தத்திலும் ஆல்நிகோ வகைகளில் எது கையில் இருந்ததோ அது. ஆகவே ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. அன்று ஏனோதானோ என்று நடந்ததை இன்று பல நிறுவனங்கள் அளந்து, எடை போட்டு, மிகுந்த கவனத்தோடு நகல் எடுத்து விற்கின்றன. ஃபெண்டர் கதை வேறு. 1956இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த அபிகெயில் இபாரா என்ற பெண்மணி சுற்றிய பிக்கப்புகளுக்கென்றே தனிக் கூட்டம் உண்டு. அடியில் அவர் கையெழுத்தில் முதலெழுத்துகள் இருந்தால் விலையே வேறு. நம்மவர் அந்த விலையை அறிந்தவர். பெருமூச்சு விட்டு அடுத்த பக்கம் போகிறவர்.

அவருக்கு இதைவிட எளிதாகப் பிடிபடுவது எண்கள்தான். ஃபெண்டரின் சாதாரண ஸ்ட்ராட் கிட்டார் பிக்கப் சுமார் 6 கிலோ ஓம், பழைய கிப்சன் ஹம்பக்கர் 7 முதல் 9 வரை, ஜேபி என்ற பெயர் பெற்ற டங்கன் நிறுவனப் பிக்கப் 16ஐத் தாண்டும். “பதினாறு கிலோ ஓம் போட்டாத்தான் சரிப்படும்” என்று அவர் தொலைபேசியில் பேசுவதைக் கேட்டு அவருடைய அம்மா பதறிப்போய், “பதினாறு கிலோ ஓமத்த வெச்சுக்கிட்டு என்னடா பண்ணப் போற?” என்று கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. ஏனென்றால் அந்த எண் சொல்வது கம்பியின் மின்தடையை மட்டும். இன்னும் மெல்லிய கம்பியைச் சுற்றினாலும் எண் ஏறும். ஒலி அதற்குத் தக்கபடி ஏறாது. சுற்றுகள் கூடக்கூட ஒலி பலமாகும் என்பது உண்மை. ஆனால் உச்ச ஸ்வரங்களின் பளபளப்பு கூடவே தேயும். கரகரப்பு கேட்டவருக்குக் கொழகொழப்பு கிடைப்பது இப்படித்தான்.

வேடிக்கை என்னவென்றால், ராக் இசையின் கரகரப்பு எப்படிப் பிறந்தது என்ற வரலாறு அவருக்கு அத்துப்படி. 1951இல் ஐக் டர்னரின் குழு ‘ராக்கெட் 88’ பாட்டைப் பதியப் போகிறது. மெம்பிஸ் போகும் வழியில் குழுவின் கிட்டார்காரர் வில்லி கிசார்ட்டின் ஆம்ப் அடிபட்டு ஸ்பீக்கர் கிழிகிறது. பதிவுக்கூடத்து சாம் ஃபிலிப்ஸ் அதில் காகிதத்தைத் திணித்து அப்படியே பதிவு செய்கிறார். 1958இல் லிங்க் ரே ‘ரம்பிள்’ ஒலிக்காகத் தன் ஆம்பின் ஸ்பீக்கரைப் பென்சிலால் குத்தி ஓட்டை போடுகிறார். பாட்டில் ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் சில வானொலி நிலையங்கள் அதைத் தடை செய்தன. 1961இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸ் பாட்டு ஒன்றுக்கு நாஷ்வில்லில் கிரேடி மார்ட்டின் வாசிக்கும்போது மிக்சர் மேசையின் ஒரு தடம் பழுதாகி, தேனீக் கூட்டம் புகுந்தாற்போல் ஒலி வருகிறது. அதை ஒரு பெட்டிக்குள் பிடித்து அடுத்த வருடமே ஃபஸ் பெடல் என்று விற்றார்கள். 1964இல் லண்டனில் டேவ் டேவிஸ் தன் சின்ன ஆம்பின் ஸ்பீக்கர் கூம்பைச் சவர பிளேடால் கீறுகிறார். அவருடைய கிங்க்ஸ் குழுவுக்கு அந்த ஒலியில்தான் முதல் பெரிய வெற்றி.

இத்தனை பேரில் ஒருவராவது பிக்கப்பை மாற்றினாரா? இல்லை. கதையைச் சொல்லும் நம்மவரும் இந்த இடத்தில் டம்ளரைக் கீழே வைத்து, “அதான் சொல்றேன், எனக்கு பிரிட்ஜ் பிக்கப்ப மாத்தணும்” என்று முடிப்பார்.

முழுக்க அவரைக் குறை சொல்லவும் முடியாது. கரகரப்பு ஆம்பில் பிறப்பது. ஆம்பை விளிம்புக்குத் தள்ள வேண்டும். வேளச்சேரி அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் ராத்திரி ஒன்பது மணிக்கு வால்வு ஆம்பை விளிம்புக்குத் தள்ளினால் சங்கச் செயலாளர் வந்து நிற்பார். சத்தத்தைக் கூட்டாமல் ஆம்பைத் திணறவைக்க, பிக்கப்பிலிருந்து கூடுதல் அழுத்தம் கொடுப்பது ஒரு வழிதான். 1972இல் டிமார்சியோ நிறுவனம் வெளியிட்ட ‘சூப்பர் டிஸ்டார்ஷன்’ அதற்காகவே செய்யப்பட்டது. கிட்டாரோடு வந்ததைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் போடும் வழக்கமே அதிலிருந்துதான் பரவியது. அடுத்த சில ஆண்டுகளில் சீமோர் டங்கன், பழுதான கிப்சன் பிக்கப்புகளைப் புதிதாகச் சுற்றி டெலிகாஸ்டர் கிட்டாரில் பொருத்திக் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக்கிடம் கொடுத்தார். எடி வான் ஹேலன் கிப்சன் பிக்கப் ஒன்றை உருகிய பாரஃபின் மெழுகில் முக்கியெடுத்து அதன் கீச்சொலியை நிறுத்தினார்.

நம்மவரும் முக்கினார். “என்னங்க, இது பால் காய்ச்சுற பாத்திரம்!” என்று மனைவி ஓடிவந்தபோது, “அதனாலதான் சூடு சீரா ஏறும்” என்று விளக்கம் வந்தது. பாத்திரம் அன்றோடு சமையலறையிலிருந்து ஓய்வு பெற்றது.

சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அறுவைச் சிகிச்சை தொடங்கும். கம்பிகள் வெட்டப்படும். முன்தகட்டின் 11 திருகுகளும் ஒரு கிண்ணத்துக்குப் போகும். திரும்பி வரும்போது 10 இருக்கும். பிறகு வண்ண ஒயர்கள். டங்கன் பிக்கப்பில் ஒலி வரும் ஒயர் கறுப்பு. டிமார்சியோவில் சிவப்பு, கறுப்பு அங்கே இரண்டு சுருள்களுக்கு நடுவில் முடிச்சுப் போட வேண்டிய ஒன்று. ஒருவர் வரைபடத்தை வைத்துக்கொண்டு மற்றவர் பிக்கப்பைப் பற்றவைத்தால் சத்தம் பாதியாகும், இல்லாவிட்டால் மூக்கடைத்துக்கொள்ளும். நம்மவருக்கு இரண்டும் நடந்திருக்கிறது. கழுத்துப் பக்கப் பிக்கப்பும் பிரிட்ஜ் பிக்கப்பும் ஒன்றையொன்று அடித்து மெலிந்து ஒலித்தபோது அவர் கலங்கவில்லை. “இதுதான் பீட்டர் கிரீன் டோன்” என்றார். பீட்டர் கிரீன் என்ற கிட்டார் கலைஞரின் லெஸ் பால் ரகக் கிட்டாரில் ஒரு பிக்கப்பின் காந்தம் தலைகீழாக இருந்ததும், அதனால் அந்தக் கிட்டாருக்கே ஒரு தனிக் குரல் வாய்த்ததும் உண்மை. அவர் வாசிப்பும் அப்படி இருந்தது என்பதை நம்மவர் சேர்த்துச் சொல்வதில்லை.

இனி பரிசோதனை. புதுக் கம்பிகள் கட்டி, சுருதி சேர்த்து, ஒரு வீச்சு. “மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!” மனைவியைக் கூப்பிட்டு மறுபடியும் ஒரு வீச்சு. “முன்னாடி மாதிரியேதாங்க இருக்கு.” மறுநாள் ஒத்திகையில் டிரம்ஸ்காரர் ஒன்றே ஒன்று கேட்டார்: “ட்யூன் பண்ணிட்டியாடா?”

வித்தியாசம் இருந்தது, பொய் இல்லை. பழைய கம்பியைக் கழற்றிப் புதுக் கம்பி போட்டாலே ஒலி விழித்துக்கொள்ளும். பிக்கப் மாற்றுகிறவர் ஒவ்வொரு முறையும் கம்பியையும் மாற்றிவிடுகிறார். பெயர் மட்டும் பிக்கப்புக்குப் போகிறது. போதாததற்குப் புதியது கொஞ்சம் சத்தமாக ஒலிக்கும். சத்தமாக இருப்பது காதுக்கு நன்றாக இருப்பதாகவே படும். பழைய ஒலியைக் கேட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். அதை மனசில் வைத்து ஒப்பிடுவது சங்கீத வித்வானுக்கே கஷ்டம். பிறகு சென்னையின் உப்புக்காற்றும் கை வேர்வையும் வேலையைக் காட்டும். இரண்டு மூன்று வாரத்தில் கம்பி மங்கும், ஒலி சோரும், நம்மவர் நெற்றி சுருங்கும். “இந்த பிக்கப்பும் செட் ஆகலடா.”

அவர் தொடாத திருகுகள் இரண்டு உண்டு. பிக்கப்பின் இரு ஓரத்திலும் இருப்பவை. அவற்றைத் திருப்பினால் பிக்கப் கம்பியை நோக்கி ஏறும், இறங்கும். ஒரு மில்லிமீட்டர் ஏற்றினாலே ஒலியில் முறுக்கு கூடும். ஒற்றைச் சுருள் பிக்கப்பை அளவுக்கு மீறி ஏற்றினால் காந்தம் கம்பியைப் பிடித்திழுத்துச் சுருதி அலையும். அப்போது சற்று இறக்கிவிட்டால் போதும். செலவு கிடையாது. அதுதான் அதன் குறையோ என்னவோ. வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் ‘பாட்’ என்ற மின்தடையும் அப்படியே. ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். ஹம்பக்கருக்கு 250 போட்டு வைத்திருந்தால் ஒலி மந்தமாகத்தான் இருக்கும். ரிச்சி தெருவில் ஒரு சின்ன ‘பாட்’ வாங்கி முடிக்க வேண்டிய காரியத்துக்கு, நம்மவர் கடல் கடந்து பிக்கப் தருவித்துச் சுங்கவரியும் கட்டியிருக்கிறார். ஆம்பில் மிட் குமிழைப் பூஜ்யத்தில் வைத்துக்கொண்டு, “பேண்ட்ல என் கிட்டாரே கேக்கல” என்று புலம்புவது தனிக் கதை.

மாற்றியே தீருவேன் என்பவருக்கு ஒரு தீர்ப்பு சொல்லலாம்: கரகரப்புக்கு 16 கிலோ ஓம் அரக்கனைவிடப் பி-90 மேல். 1946இல் கிப்சன் கொண்டுவந்த ஒற்றைச் சுருள் அது. சுற்றுகள் அதிகம், ஆனாலும் ஒலி தெளிவாக உறுமும். 1970இல் ‘மிசிசிப்பி குவீன்’ பாட்டில் லெஸ்லி வெஸ்ட் வாசித்தது அதில்தான். ஹம்பக்கர் அளவுக் குழியிலேயே உட்காரும் பி-90களும் கிடைக்கின்றன. மரத்தை வெட்ட வேண்டியதில்லை. பிரிட்ஜ் பக்கம் ஒன்றை மாற்றினால் போதும். மின்சார உறுமல் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

டோனி ஐயோமி கதையையும் இங்கே சொல்லலாம். பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் பதிவாகும்போது அவருடைய ஸ்ட்ராட்டின் பிக்கப் செத்துவிட்டது. அவர் சால்டரிங் அயர்னைத் தேடவில்லை. பக்கத்தில் மாற்றாக இருந்த, பி-90 போட்ட எஸ்ஜி கிட்டாரை எடுத்து மீதியை வாசித்து முடித்தார். ஆலை விபத்தில் இரண்டு விரல்நுனிகளை இழந்து, பிளாஸ்டிக்கை உருக்கித் தானே தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தவர் அவர். இதை நம்மவரிடம் சொல்லிப் பார்த்தார்கள். உருக்கமாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த மாதம் எஸ்ஜி வாங்கினார். அதற்கடுத்த மாதம் அதன் பிக்கப்பை மாற்றினார்.

இப்போது நம்மவரின் பழைய ஸ்ட்ராட் விற்பனைக்கு வருகிறது. இப்படிப்பட்டவரிடம் பழைய கிட்டார் வாங்குவோர் மூன்று காரியம் செய்ய வேண்டும். முதலில், “ஒரிஜினல் பிக்கப் எங்க சார்?” என்று கேளுங்கள். ஏதோ ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கும். தேடித் தருவார், மனுஷன் நல்லவர். அதையும் சேர்த்து வாங்குங்கள். அடுத்து, உயரத் திருகுகள் இரண்டும் திரும்புகின்றனவா என்று பாருங்கள். கடைசியாக வால்யூமை முழுக்கத் திறந்து, கேபிளைச் செருகி, மறுமுனையில் மல்டிமீட்டர் வையுங்கள். ஸ்ட்ராட்டின் சொந்தப் பிக்கப் என்றால் 6 கிலோ ஓமுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே காட்ட வேண்டும். 250 அல்லது 500 என்று காட்டினால் மீட்டர் அந்த ‘பாட்’டை மட்டும்தான் அளக்கிறது. உள்ளே சுருள் அறுந்திருக்கக்கூடும். விலையைக் குறைத்துக் கேளுங்கள்.