கிரைண்டர் விற்ற படலம்

வீட்டில் சும்மா கிடக்கும் சாமானை இணையத்தில் விற்று உபரி வருமானம் பார்ப்பது பற்றி மதுரை வட்டாரத்துக்கென்று ஒரு முறையான ஆய்வு தேவைப்பட்டது. வேறு யாரும் முன்வராததால் நானே செய்தேன். ஆய்வுக்கூடம் எங்கள் அடுப்படி. ஆய்வுப் பொருள், பதினாலு வருசம் மாவாட்டி ஓய்ந்த ஒரு டில்டிங் கிரைண்டர்.

முதலில் முன்னோர் மரபு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடல் புராணத்தில் அறுபத்து நான்கு படலங்கள். அவற்றில் மாணிக்கம் விற்றது, விறகு விற்றது, வளையல் விற்றது என மூன்று விற்பனைகள் சொக்கநாதர் கணக்கில் இருக்கின்றன. மூவுலகையும் நடத்தும் முழுநேர உத்தியோகம் இருந்தும் அவர் இதைச் செய்திருக்கிறார். ஆகவே இந்த ஊரில் உபரித் தொழிலுக்கு இழுக்கில்லை.

அடுத்து சொல்லாராய்ச்சி. ‘ஏலம்’ போர்த்துக்கீசியரோடு கப்பலில் வந்த சொல். ஏலக்காய்க்கும் அதற்கும் உறவில்லை. ஆனாலும் முன்பு மதுரை மாவட்டத்தில் இருந்த போடிநாயக்கனூரில் ஏலத்தையே ஏலம் விடுகிறார்கள், அதுவும் கம்ப்யூட்டரில். இதற்கு மேல் சொல்லாராய்ச்சி உடம்புக்கு ஆகாது.

ஏலம் என்றால் விலை ஏற வேண்டும் என்பது கோட்பாடு. 1995-ல் அமெரிக்காவில் ஈபே தொடங்கியபோது முதலில் விற்றது ஓர் உடைந்த லேசர் பாயின்டர், 14.83 டாலருக்கு. ‘இது உடைந்தது என்று தெரியுமா?’ என்று நிறுவனர் கேட்டாராம். உடைந்ததைத்தான் சேகரிக்கிறேன் என்றாராம் வாங்கியவர். இந்தக் கதையைத் திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சொல்லிப் பார்த்தேன். பழைய மோட்டார் விற்பவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவர் பக்கத்திலிருந்த ஸ்டூலை மெதுவாகத் தள்ளி வைத்துக்கொண்டார்.

இந்தியாவில் 2000-ல் பாஸி டாட் காம் வந்தது. 2004-ல் ஈபே அதைச் சுமார் 5 கோடி டாலருக்கு வாங்கியது. 2018 ஆகஸ்டில் ஈபே இந்தியா கடையைச் சாத்திவிட்டது. பொருளாதார அறிஞர்கள் பல காரணம் சொல்லலாம். என் கருதுகோள் எளிது: சுத்தியலைத் தட்டி ‘மூணு தரம்’ என்ற பிறகும் ‘சரிண்ணே, கடைசியா எம்புட்டு?’ என்று கேட்கும் சமூகத்தில் ஏலம் எப்படி நிற்கும்? நமக்கு வாகானது மாட்டுச் சந்தை முறை. துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. இன்றைய வாட்ஸப் பேரம் அந்தத் துண்டுதான்.

இனி களத்தரவு. கிரைண்டரைத் துடைத்து, வாழைமரத்தடியில் வைத்துப் படமெடுத்து, 3,500 ரூபாய் என்று போட்டேன். பத்து நிமிசத்தில் ஒருவர், ‘அண்ணே, லாஸ்ட் என்னண்ணே?’ முதல் விலையே இன்னும் உலரவில்லை. இரண்டாமவர் பணம் வேண்டாம், மீன்தொட்டி தருகிறேன் என்றார். மூன்றாமவர் தன்னை ராணுவ அதிகாரி என்றார். படம் அருமை, பொருள் அருமை, 3,500-ம் சம்மதம், இப்போதே அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பரைப் போடுங்கள் என்றார். பணம் வாங்க பின் நம்பர் எதற்கு? பணம் கொடுக்கத்தான் அது வேண்டும்.

ஆய்வின் மையம் இங்கேதான். எனக்குச் சட்டென்று கோவலன் ஞாபகம் வந்தான். அவனும் மதுரைக்கு வந்தது பழம்பொருள் விற்கத்தான், ஒற்றைச் சிலம்பு. எதிரே வந்த பொற்கொல்லன் என்ன செய்தான்? தேய்மானம் உண்டா என்று கேட்டானா? ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்ய, ஜோடி இல்லையா என்று இழுத்தானா? இல்லை. இது பட்டத்தரசிக்கே தகும் என்று புகழ்ந்தான். அரசனிடம் சொல்லிவிட்டு வருகிறேன், இங்கேயே இரு என்றான். பேரம் பேசாமல் புகழ்கிறவனைக் கண்டதும் கோவலன் கிளம்பியிருக்க வேண்டும். பொருள் விவரத்தில் ‘உள்ளே மாணிக்கப் பரல்’ என்று ஒரு வரி சேர்க்காததும் பிசகுதான். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. அந்த ஒரு வரியை ஊருக்குச் சொல்லக் கண்ணகி வரவேண்டியிருந்தது. ஊர் எரிந்தது.

இதே வர்க்கந்தான் வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய் நாணயத்துக்கும் 786 என்று முடியும் நோட்டுக்கும் லட்சக்கணக்கில் தருவதாகச் சொல்வோர். புகழ்ந்த கையோடு ‘பதிவுக் கட்டணம்’ கேட்பார்கள். இப்படித் தன் பெயரைச் சொல்லிக் கமிஷனும் வரியும் கேட்பவர்களை நம்ப வேண்டாமென்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. எங்கள் சின்னம்மா இன்னும் அஞ்சறைப்பெட்டியில் நான்கு நாணயம் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்.

நான்காவதாக மேலூரிலிருந்து ஒரு அக்கா நேரிலேயே வந்தார். குழவியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்கையால் கல்லைத் தடவினார். விளிம்பில் நகத்தால் சுரண்டி, ஒட்டியிருந்த உளுந்தை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“கல்லு கொத்தி எம்புட்டு நாளாச்சு?”

“ரெண்டு வருசம் இருக்கும்க்கா.”

“பொய் சொல்லாதீங்க தம்பி. இது வழவழன்னு பளிங்காட்டம் இருக்கு. இதுல அரைச்சா இட்லி எறியத்தான் ஆகும். எண்ணூறு.”

என் மனம் நிறைந்தது. நல்லவர், சந்தேகமே இல்லை. 1,200-க்கு முடிந்தது. தேங்காய்த் துருவி தனி விலை என்று நான் சொல்வதற்குள் அது அவர் பையில் இருந்தது. ஷேர் ஆட்டோ ஏற்றாது என்றதால் வண்டிக்கு 150 நான் கொடுத்தேன்.

கையில் நின்றது 1,050. அன்று மாலையே மீன்தொட்டிக்காரர் திரும்பக் கூப்பிட்டார். அவர் சொன்னது 2,500. தொட்டியில் கீறல், மோட்டார் சத்தம், மீனுக்கு வயசாகிவிட்டது என்றெல்லாம் எடுத்துச் சொல்லி 1,400-க்கு அடித்தேன். கிரைண்டர் இருந்த மூலையில் இப்போது அதுதான் இருக்கிறது. மாவு கடையில் வாங்குகிறோம்.