தோலுக்குக் கொடுத்த மரியாதை

தோல் பதனிடும் ஊரான பேரணாம்பட்டில் ஆட்டுத்தோலுக்குக் கிடைத்த பாதுகாப்பு ஆளுக்குக் கிடைத்ததில்லை. கோபத்தில்தான் சொல்கிறேன். ஆனாலும் அரசாங்கக் காகிதங்களைப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

1972இல் சீத்தாராமய்யா தலைமையில் மத்திய அரசு ஒரு குழு போட்டது. பச்சைத்தோலும் அரைப்பதத் தோலும் கப்பலேறிப் போகின்றன, அதற்குச் சாயமேற்றி, மெருகேற்றி, ஷூவும் பையுமாக விற்று லாபம் பார்க்கிறவன் வெளிநாட்டுக்காரன், இது என்ன நியாயம் என்று பேச்சு எழுந்தது. அடுத்த வருடமே ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டார்கள். பிற்பாடு வரியும் வந்தது. மெருகேற்றாத கிரஸ்ட் தோல் ஏற்றுமதிக்கு இருந்த 20 சதவீத வரியை 2025 பட்ஜெட்டில்தான் எடுத்தார்கள். ஆக, அரைகுறையாக எதுவும் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று அரை நூற்றாண்டு காவல் காத்திருக்கிறோம். ஆட்டுக்கும் மாட்டுக்கும்.

ஆளுக்கும் வரி உண்டு, இல்லாமலென்ன? வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் ஏஜென்ட் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு அனுமதித்த சேவைக் கட்டணம் 30,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., அதாவது 5,400 ரூபாய். தோலுக்கு வரி போட்டது அது போகாமலிருக்க. ஆளுக்கு வரி போடுவது, போகிறதுதான் போகிறான், போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று. இதில் 30,000 என்பது சட்டப் புத்தகத்து விலை. பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டில் அந்தத் தொகையைச் சொல்லிப் பாருங்கள். "பாஸ்போர்ட் போட்டோவுக்கா பாய்?" என்று ஏஜென்ட் கேட்பார்.

ஏன் போகிறான் என்று கேட்பவர்கள் வேலூரிலிருந்து ஒருமுறை பாலாற்றங்கரையோரம் வந்துவிட்டுக் கேட்கலாம். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், தோல் பதனிடும் டேனரிகள் கெடுத்த பாலாற்று வழக்கில் தீர்ப்புச் சொன்னது: மாசுபடுத்தியவனே ஈடு கட்ட வேண்டும். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடி உத்தரவு போட்டது. இந்த இரண்டு உத்தரவுகளுக்கும் நடுவில் ஒரு குழந்தை பிறந்து, பள்ளிக்கூடம் போய், டேனரியில் சேர்ந்து, டேனரி சோர்ந்ததும் சவுதி போய், இரண்டு காண்ட்ராக்ட் முடித்துத் திரும்பியும் வந்திருக்கலாம். விவசாயக் கிணறு மட்டும் இன்னும் தேறவில்லை. இந்த ஊர் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்பது, 2021 கடைசியில் இங்கே நிலம் அதிர்ந்தபோதுதான் பல அதிகாரிகளுக்குத் தெரிந்திருக்கும்.

சரி, போவது என்று முடிவாகிவிட்டது. தயாரிப்பைப் பார்ப்போம்.

முதலில் மெடிக்கல். டேனரியில் செலக்‌ஷன் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே மாஸ்டர் ஒவ்வொரு தோலாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். கீறல், ஓட்டை, உண்ணி கடித்த தழும்பு எல்லாம் பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஒதுக்குவார். சென்னையில் வளைகுடா நாடுகள் அங்கீகரித்த பரிசோதனை நிலையத்தில் தூக்கிப் பிடிப்பது வேலைக்குப் போகும் தம்பியின் எக்ஸ்ரேயை. ரத்தம், சிறுநீர், மஞ்சள் காமாலை, எச்.ஐ.வி. எல்லாம் தேறிவிட்டாலும் நெஞ்சில் பழைய டி.பி. தழும்பு ஒன்று தெரிந்தால் போதும், அன்ஃபிட். அம்மா பீடி சுற்றிய ஒற்றை அறை வீட்டில், புகையிலைத் தூளுக்கு நடுவே வளர்ந்தவன். பதினெட்டு வயதிலிருந்து பஃபிங் மெஷின் தூசியைச் சுவாசித்தவன். நெஞ்சு பளிங்காக இருக்கவேண்டுமாம். உண்ணி கடித்த தோலையாவது இரண்டாம் தரமாக எடுத்துக்கொள்வார்கள், நாலு ரூபாய் குறையும், அவ்வளவுதான்.

விலை குறைவதைப் பற்றிப் பேசும்போது 2020 செப்டம்பரை விட்டுவிட முடியாது. கொரோனாவில் ஊரே முடங்கிக் கிடந்த நேரம். வளைகுடாவுக்குப் போகும் இந்தியத் தொழிலாளிக்கு இவ்வளவுக்குக் கீழே சம்பளம் தரக்கூடாது என்று நம் வெளியுறவு அமைச்சகமே ஒரு குறைந்தபட்சத் தொகை வைத்திருந்தது. அந்தத் தொகையை அமைச்சகமே 30 முதல் 50 சதவீதம் வரை குறைத்தது. அமீரகம், கத்தார், ஓமன், பஹ்ரைன் என்றால் மாதம் 200 டாலர் போதும். சவுதிக்கு 324. முதலாளி கேட்டுக் குறைத்தால் பேரம் என்று சொல்லலாம். பெற்ற தகப்பனே கடைத்தெருவில் நின்று "பாதி விலை, பாதி விலை" என்று கூவினால் அதற்கு என்ன பெயர்? வேலைவாய்ப்பைக் காப்பாற்றும் நடவடிக்கை என்று பெயர். வழக்குப் போட்டார்கள், கூச்சல் எழுந்தது, 2021 ஜூலையில் வாபஸ் வாங்கினார்கள். நடுவிலிருந்த பத்து மாதத்தில் 200 டாலருக்குக் கையெழுத்துப் போட்டு விமானம் ஏறியவனின் இரண்டு வருடத்தை எந்தச் சுற்றறிக்கை வாபஸ் வாங்கும்?

அடுத்தது பத்தாம் வகுப்பு. 1983 குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் 18 நாடுகளின் பட்டியல் இருக்கிறது. பத்தாவது தேறாதவன் அங்கே வேலைக்குப் போவதென்றால் குடிபெயர்வோர் பாதுகாவலர் அனுமதிக்க வேண்டும். ஒப்பந்தத்தைப் பார்ப்பார்கள், காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய், விபத்தில் செத்தால் 10 லட்சம். பிரீமியம் மாதத்துக்கு ஒரு டீக்காசுதான் வருகிறது, அதையாவது செய்தார்களே. ஆனால் பத்தாவது பாஸாகிவிட்டால் இந்த அனுமதி எதுவும் தேவையில்லை, அவன் பாட்டுக்குப் போகலாம். சமூக அறிவியலில் 35 மார்க் வாங்கியவனை எந்த முதலாளியும் ஏமாற்ற மாட்டான் என்று நம்புகிற சட்டம் இது. வாத்தியார்களுக்குப் பெருமையான விஷயம்.

அந்தப் பட்டியலில் எத்தியோப்பியா இல்லை. கென்யா இல்லை, நைஜீரியா இல்லை. பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி டெக்னீஷியன் தொழில் தேடிப் போகும் நாடுகள் இவைதான். நாம் 1973இல் செய்ததை எத்தியோப்பியா 2011 கடைசியில் செய்தது. கிரஸ்ட் தோல்வரைக்கும் 150 சதவீத ஏற்றுமதி வரி போட்டு, முழுசாக முடித்துத்தான் அனுப்ப வேண்டும் என்றது. முடிக்கத் தெரிந்த கை வேண்டுமே? அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமான சி.எல்.ஆர்.ஐ. அந்நாட்டுத் தோல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. விஞ்ஞானிகள் ஒப்பந்தத்தோடு போனார்கள். டிரம் அடியில் நின்று, தோலை வெட்டிப் பார்த்தே குரோமியம் ஏறிவிட்டதா என்று சொல்லக் கற்ற நம்மாள் ஒற்றைத் தாள் ஆஃபர் லெட்டரோடு போனான். அடிஸ் அபாபாவுக்குத் தென்கிழக்கே மோஜோ என்றொரு டேனரி ஊர். அங்கே அம்ஹாரிக் பேச வராது, இஞ்செரா ரொட்டி தொண்டையில் இறங்காது. ஆற்றைப் பார்த்தால் மட்டும் வீட்டு ஞாபகம் வந்துவிடும். மோஜோ ஆறும் டேனரித் தண்ணீர் குடித்த ஆறுதான்.

போன நாட்டில் சண்டை மூண்டால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள். அதற்கு அரசு உண்டு. 2023 ஏப்ரலில் சூடானில் துப்பாக்கி வெடித்ததும் 3,800க்கும் மேற்பட்டவர்களைக் கப்பலிலும் விமானத்திலும் மீட்டு வந்தார்கள். அதை நல்ல காரியம் என்றே சொல்கிறேன். ஆபரேஷன் காவேரி என்று பெயர் வைத்தார்கள். தமிழ்நாட்டுக்கு வர முரண்டு பிடிக்கிற காவேரி போர்ட் சூடானுக்குச் சொன்ன நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

பத்தாவது தேறாத தம்பிக்கு, பாதுகாவலரையும் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி உண்டு. விசிட் விசா. அதற்குத்தான் உண்மையான பயிற்சி நடக்கிறது, டீக்கடை பெஞ்சில்.

"எங்கடா போற?"

"துபாய் சார்."

"சார்னு நடுங்காத. இன்னாத்துக்குப் போற?"

"வேலைக்கு..."

"போச்சு! ஊட்டுக்குத் திருப்பி அனுப்பிடுவான். மாமாவப் பாக்கப் போறேன்னு சொல்லு. மாமா பேரு?"

"எந்த மாமா?"

"நான் குடுத்த மாமாடா! எத்தினி நாள் தங்குவ?"

"ரெண்டு வருசம்..."

தலையில் அடித்துக்கொண்டு ஏஜென்ட் இன்னொரு டீ சொல்கிறார். பாவம், அவருக்கும் சிரமம்தான். ஆனால் வாங்கிய காசுக்கு ஆளை எதிரே உட்கார வைத்துப் பாடம் நடத்துகிற ஒரே ஆள் இந்த ஊரில் அவர்தான். இப்படி வேலையை மறைத்துக்கொண்டு தாய்லாந்து விசாவில் போன தமிழ்ப் பையன்கள்தான் 2022இல் மியான்மர் எல்லையில், மியாவாடியில், இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கினார்கள். தாய்லாந்து அந்தப் பதினெட்டில் இருக்கிறது. பையன்களோ கம்ப்யூட்டர் படித்தவர்கள், பத்தாவதைத் தாண்டி வெகுதூரம் வந்தவர்கள். அதனால் பாதுகாவலருக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை.

அரசும் வகுப்பு எடுக்கத்தான் செய்கிறது. புறப்படும் முன் ஒரு நாள், இலவசம். அந்த நாட்டுச் சட்டம், உணவு, பணம் அனுப்பும் முறை, தூதரக நம்பர். 2024 ஜூன் 12 விடிகாலையில் குவைத் மங்காஃபில் கிட்டத்தட்ட இருநூறு பேரை அடைத்து வைத்திருந்த ஒரே கட்டடத்தில் தீப்பிடித்தது. குறைந்தது 45 இந்தியர்கள் செத்தார்கள், அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அவர்கள் எந்தப் பாடத்தைச் சரியாகப் படிக்காததால் செத்தார்கள்? அந்தக் கட்டடத்தை வாடகைக்குப் பிடித்தவருக்கும் அதில் ஆளைத் திணித்தவருக்கும் ஒரு நாள் வகுப்பு எடுக்க இரண்டு அரசுகளில் ஒன்றுக்கும் தோன்றவில்லை. 2023-24இல் இந்தியாவுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பணம் 11,870 கோடி டாலர், அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தமிழ்நாட்டுக்கு என்று ரிசர்வ் வங்கி பெருமையாகக் கணக்குச் சொல்கிறது. அந்தக் கணக்கு மட்டும் பைசா பிசகாது.

வகுப்பில் தவறாமல் சொல்லப்படும் ஒரு அறிவுரை: பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுக்காதே. அருமையான அறிவுரை. விமான நிலையத்திலேயே கம்பெனி வண்டிக்காரர் கை நீட்டுகிறார், தம்பி கொடுக்கிறான், கொடுக்காவிட்டால் வண்டியில் ஏற்ற மாட்டார். இந்தியாவின் 1967 பாஸ்போர்ட் சட்டம், 17ஆவது பிரிவு, பாஸ்போர்ட் எப்போதும் மத்திய அரசின் சொத்து என்கிறது. தம்பியின் சொத்துகூட அல்ல. அப்படியானால் வளைகுடாவில் மேஜை இழுப்பறைகளில் ரப்பர் பேண்ட் போட்டுப் பூட்டி வைத்திருப்பது இந்திய அரசின் சொத்து, கட்டுக்கட்டாக. அதைத் திருப்பிக் கொடு என்று அந்த முதலாளியிடம் கேட்க டெல்லிக்கு நா எழவில்லை. கேட்கும் பொறுப்பை, மொழி தெரியாத ஊரில் முதல் நாள் இறங்கி நிற்கும் பேரணாம்பட்டுப் பையனிடம் ஒப்படைத்திருக்கிறார்கள், 5,400 ரூபாய் ஜி.எஸ்.டி. வாங்கிக்கொண்டு.