உலகத்திலேயே முதலாவதாக வந்தவர்களுக்கு

ஒட்டாவாவில் எழுந்தருளியிருக்கும் ஹெல்த் கனடா பெருமக்களுக்கு, ஸ்காபரோவிலிருந்து ஒரு அம்மம்மா எழுதிக்கொள்வது.

நலம். உங்கள் நலமறிய ஆவல் இல்லை. அதற்கு நீங்களே சான்றிதழ் கொடுத்துக்கொள்வீர்கள்.

போன கிழமை, பேத்தியின் சிப்பி கப்பை விற்ற கொம்பனிக்குப் போன் எடுத்தேன். சூடான பாலை ஊற்றினால் பிளாஸ்டிக்கிலிருந்து என்ன கசியும், எவ்வளவு கசியும் என்று கேட்டேன். "பிபிஏ இல்லை என்று ஒட்டியிருக்கிறதே" என்றாள் அங்கிருந்த பிள்ளை. "இல்லாததை விடுங்கோ, இருக்கிறதைச் சொல்லுங்கோ" என்றேன். "வீட்டில் இங்கிலீஷ் விளங்குகிற ஆராவது இருக்கினமா?" என்று கேட்டாள்.

எனக்கு உங்கள் சட்டமே விளங்குகிறது, பெருமக்களே. 2008 ஏப்ரலில், பிபிஏ (பிஸ்பினோல் ஏ) என்ற வேதிப்பொருள் உள்ள பொலிகார்பனேட் பால்போத்தலைத் தடைசெய்யப்போவதாக அறிவித்தீர்கள். உலகத்திலேயே முதலாவது நாடு! 2010 மார்ச்சில் தடையும் வந்தது. ஆனால் போத்தலுக்கு மட்டும். சிப்பி கப், கரண்டி, கிண்ணம் எதுவும் அதில் இல்லை. போத்தலை விட்டுக் கப்புக்கு மாறிய அன்றே பிள்ளையின் வயிறு இரும்பாகிவிடும் என்று கண்டுபிடித்ததிலும் நீங்கள்தான் உலகத்திலேயே முதலாவது.

உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 மைக்ரோகிராம் பிபிஏ தாங்கும் என்று 1996இல் குறித்தீர்கள். 2008இலும் அதிலேயே நின்றீர்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ 2023இல் 0.2 நனோகிராம்தான் என்றது. 125,000 மடங்கு வித்தியாசம். பாவம், ஐரோப்பியப் பிள்ளைகள் சவலைகள். தாராள மனதிலும் நீங்கள்தான் முதலாவது.

பிபிஏ போன கதவாலே அதன் தம்பி பிபிஎஸ் வந்துவிட்டான். பொலிஈதர்சல்போன் போத்தல் அவனை வைத்துத்தான் செய்யப்படுகிறது. பொலிபுரொப்பிலீன் போத்தலில் ஒரு லீற்றருக்கு 1.6 கோடி வரை நுண்துகள்கள் கழன்று வரலாம் என்று 2020இல் டப்ளின் ட்ரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் எழுதினார்கள். சூடு ஏற ஏறத் துகளும் ஏறுமாம்.

உங்களுக்குச் செய்யத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. போத்தல் சூப்பியில் நைத்ரோசமீனுக்கு எல்லை வைத்திருக்கிறீர்கள், வினைலில் தாலேட்டுக்கும் வைத்திருக்கிறீர்கள். பிறகு ஏன் மற்றப் பொருட்கள் உங்கள் முன்அனுமதி இல்லாமலே கடைக்கு வருகின்றன? பிழை தெரிந்தால் பொருளைத் திரும்ப அழைப்பீர்கள். குடித்த பாலை எப்படித் திரும்ப அழைப்பீர்கள்? வாய் பேசத் தெரியாத பிள்ளையின் வயிற்றைப் பரிசோதனைக்கூடமாக்க ஆர் உங்களுக்கு உரிமை தந்தது?

மன்னிக்கவேணும், பெருமக்களே. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பொறுமையாகக் கேட்பதிலும் நீங்கள் முதலாவது அல்லவா?

என் விண்ணப்பம் சிறியது. ஐரோப்பிய விதிகளில், பாலுக்குப் பதிலாக 50 வீத எதனோலை ஊற்றிச் சூட்டில் வைக்கிறார்கள். திரும்பத் திரும்பப் பாவிக்கும் பொருளென்றால் மூன்று தடவை சோதிக்கிறார்கள். நீங்களும் அப்படிச் செய்வியுங்கள், அதுவும் விற்பனைக்கு முன்பே. என்ன கசிந்தது, எவ்வளவு கசிந்தது என்று பெட்டியிலேயே அச்சிட வையுங்கள்.

இதில் முதலாவதாக வரவேண்டியதில்லை. இரண்டாவதாக வந்தாலும் போதும்.

இப்படிக்கு,
வரியை ஒழுங்காகக் கட்டும் ஒருத்தி