வடாம் காயவைத்தலும் வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சியும்: ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்: சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வடாம் பிழியலாமா, வேண்டாமா என்பதே இவ்வாய்வின் மையக் கேள்வி. வானிலை அறிக்கை இதற்குத் தரும் விடை பெரும்பாலும் இப்படி இருக்கும்: வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சி காரணமாக ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்.

முன்னோர் கருத்து: தாழப் பறக்கும் தட்டான், முட்டை சுமக்கும் எறும்பு, பாட்டியின் முழங்கால் வலி என இத்துறையில் மூன்று மரபுகள் உண்டு. மூன்றும் அவ்வப்போது பொய்த்தவையே. ஆயினும் ‘இன்றைக்குப் பிழியாதே’ என்று நேராகச் சொல்லக்கூடியவை.

அரும்பதவுரை: ‘ஓரிரு இடங்கள்’ நம் தெருவா, பக்கத்துத் தெருவா என்பதில் அறிஞர்களிடையே ஒற்றுமை இல்லை. வானிலைத் துறையின் கணக்கில், அப்பகுதி மழைமானி நிலையங்களில் 25 சதவீதத்துக்கு மேற்படாதவை என்று பொருள். ‘மிதமான மழை’ என்பது 24 மணி நேரத்தில் 15.6 முதல் 64.4 மில்லிமீட்டர் வரை. ஆக, 6 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்த மழையில் வேளச்சேரியில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போகிறவரும் சாத்திரப்படி மிதமாகவே நனைந்திருக்கிறார். 64.5-ஐத் தொட்டால்தான் கனமழை. அவ்வாறே காற்று மணிக்கு 61 கிலோமீட்டர் வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62 ஆனால் புயல். இந்த நுட்பம் முருங்கை மரங்களுக்குத் தெரியாது, முன்னதாகவே முறிந்துவிடுகின்றன.

எதிர்வாதம்: அளவுகோல் வேண்டாமா எனலாம். கட்டாயம் வேண்டும், அது இல்லாவிட்டால் நாகர்கோவில் மழையையும் கடலூர் மழையையும் ஒப்பிடவே முடியாது. மழைமானிக்காரர்கள் தமக்குள் பேசிக்கொள்வதை வடாம் பிழிபவரிடமும் அப்படியே ஒப்பிப்பதுதான் சிக்கல்.

சான்று: எளிமையாகச் சொல்ல அறிக்கை எழுதுபவர்களுக்கு வராது என்பாரும் உளர். அதே அறிக்கையின் கடைசியில் வரும் மீனவர் எச்சரிக்கையை அப்படிச் சொல்வோர் படித்ததில்லை போலும். எந்தக் கடல், எந்த நாள், காற்று எவ்வளவு வேகம், போக வேண்டாம்: அவ்வளவுதான். படகு வைத்திருப்பவர் என்ன கேட்பார் என்று எழுதுபவருக்குத் தெரிகிறது. விடையும் நேராக வருகிறது.

முடிவு: கரையில் இருப்போரையும் மீனவர்களாகவே கருதி அறிக்கை எழுதுமாறு வேண்டுகிறோம். பிற்பகலில் மழை வரலாம், துணியை எடுத்து வையுங்கள் என்றால் போதும். சுழற்சி எந்த அடுக்கில் என்பதைப் பிறகு நிதானமாகக் கேட்டுக்கொள்கிறோம்.